ஈ, தா, கொடு: சந்தோஷக் காசின் இலக்கணம்

கேட்பவனுடைய நிலையைக் கேட்கும் சொல்லே காட்டிவிடும் மொழி தமிழ். ஒருவன் பிறனிடத்தில் ஒரு பொருளை வேண்டுங்கால் வழங்குதற்குரியவை ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்கள் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்து எச்சவியல் வகுத்துரைக்கின்றது. தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் 'ஈ' என்பான். ஒத்தோன் ஒத்தோனிடம் 'தா' என்பான். உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் 'கொடு' என்பான். மாணவர் இதனைத் தேர்வின்பொருட்டு மனனஞ் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவர். ஆயினும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இம்மூன்று சொற்களின் வேறுபாடும் இன்று வயிற்றுப்பாட்டோடு தொடர்புடையதாகிவிட்டது. அவ்வாறாக்கிய பொருள் 'சந்தோஷம்' என்று நாம் வழங்கும் சிறு காசாகும்.

உணவு பரிமாறியவனுக்கும், பெட்டி தூக்கியவனுக்கும், வழி காட்டியவனுக்கும் பேசிய விலைக்கு மேலாகக் கையில் வைக்கும் பணத்தை இலங்கையிற் 'சந்தோஷம்' என்பர். அரபு வழிவந்த 'இனாம்', பாரசீக வழிவந்த 'பக்சீஸ்' என்னும் சொற்களும் தமிழில் உண்டு. ஆங்கிலவழி வந்த 'டிப்ஸ்' இப்போது யாவர் நாவிலும் பயில்கின்றது. விரைந்த பணிக்காகத் தரப்படுவது என்னும் தொடரின் முதலெழுத்துக்களாற் பிறந்தது அச்சொல் என்று கூறுவது வெறுங்கதை. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலநாட்டுக் கள்வரும் நாடோடிகளும் தம்முள் வழங்கிய குழூஉக்குறியில், கையிற் கொடுத்தலை அச்சொல் குறித்தது. பின்னரே அது நாகரிகர் வாயில் ஏறிற்று.

இவற்றுள் நம் 'சந்தோஷம்' என்னும் சொல்லே அழகியது என்பேன். கொடுப்பவன் மகிழ்ந்து கொடுப்பது, கொள்பவன் மகிழ்ந்து கொள்வது என்னும் இரு பொருளும் அதில் அடங்கியுள்ளன. ஆனால் அச்சொல்லே சிற்சில இடங்களிற் கையூட்டையும் குறிக்கும் இடக்கரடக்கலாக வழங்குவதை நாம் அறிவோம். மகிழ்ச்சிக்கும் கையூட்டுக்கும் இடையிலே, அன்புக்கும் இரவலுக்கும் இடையிலே அப்பணம் ஊசலாடுகின்றது. ஆகவே அதற்கு ஓர் ஒழுக்கம் வேண்டும்.

எம் மாவட்டமும் கப்பலும்

மலையும் இறப்பர்த் தோட்டமும் சூழ்ந்த சப்பிரகமுவாவுக்கும் உல்லாசக் கப்பலுக்கும் யாது தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு இருவகைப்பட்டது.

முதலாவது, கப்பலில் வருவோர் எம் ஊர்களுக்கு வருகின்றனர். கொழும்புத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் தரித்துநிற்கும் ஒரு பகற்பொழுதில், பயணிகளைப் பேருந்துகளில் ஏற்றிக் கேகாலை மாவட்டத்திலுள்ள பின்னவலைக்கு அழைத்துவருதல் வழக்கம். 1975இல் அங்கு நிறுவப்பெற்ற யானைகள் சரணாலயம் உலகறிந்தது. களனி கங்கைக் கரையிலுள்ள கித்துள்கலைக்கும் பயணிகள் வருகின்றனர். 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலம் பற்றிய திரைப்படம் அங்கே எடுக்கப்பட்டதனால் அவ்வூர் புகழ்பெற்றது. இப்போது நுரைத்தோடும் நீரிற் படகு விடும் விளையாட்டினால் அப்புகழ் வளர்ந்துள்ளது. படகு செலுத்தும் இளைஞன், யானையை நீராட்டும் பாகன், வழியிலே கொழுந்து கொய்துகொண்டிருக்கும் தாய் ஆகிய யாவரும் வெளிநாட்டார் கைக்காசைக் கண்டவர்களே.

அண்டை நாட்டாரும் இப்போது கடல்வழியே வருகின்றனர். 2023 யூன் மாதத்திற் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்குத் தமிழ்நாட்டுப் பயணிகளை ஏற்றிவந்தது. எம் மூதாதையர் கூலிகளாக வந்த கடலில் இன்று தமிழர் உல்லாசப் பயணிகளாகவும் வருதல் காலத்தின் கோலமேயாம்.

இரண்டாவது தொடர்பு இன்னும் நெருங்கியது. தோட்டத்து வேலை வேண்டாமென்று விலகும் எம் பிள்ளைகளிற் பலர் விடுதித் தொழில் பயின்று, கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் சில ஆண்டுகள் கழித்து, கப்பல்களிற் பரிமாறுவோராகவும் அறை பேணுவோராகவும் செல்கின்றனர். லயத்து அறையிற் பிறந்தவன் பன்னிரண்டடுக்கு மாளிகைபோன்ற கப்பலிற் படுக்கை விரிக்கின்றான். அவன் வீட்டுக்கு அனுப்பும் பணத்திற் பெரும்பகுதி சந்தோஷக் காசு என்பதை அவனுடைய பெற்றோரும் அறியார்.

கப்பலில் நடைபெறும் முறை

முற்காலத்திற் கடற்பயணத்தின் கடைசி இரவிலே பயணிகள் சிறு உறைகளிற் பணமிட்டு, அறை பேணியவனுக்கும் மேசையிற் பரிமாறியவனுக்கும் தம் கையாற் கொடுத்தனர். இன்று பெரிய கப்பற் கம்பனிகள் பல, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 டொலர் வரை பயணியின் கணக்கிற் 'சேவைப் பணம்' எனத் தாமே எழுதிவிடுகின்றன. கணவனும் மனைவியும் ஏழு நாள் பயணஞ் செய்தால் அஃது இருநூறு டொலரைக் கடந்துவிடும். குடிவகைகளுக்கும் தனி உணவகங்களுக்கும் விலையின்மேல் 18 அல்லது 20 வீதம் வேறாகச் சேர்க்கப்படும். உயர்விலைக் கப்பல்கள் சிலவற்றில் இவையெல்லாம் பயணச்சீட்டின் விலையிலேயே அடங்கும்.

இவ்வாறு திரளும் பணம் பயணி காணும் ஊழியருக்கும், சமையற்கட்டிலும் சலவையறையிலும் இருந்து அவன் காணாத ஊழியர் சிலருக்கும் பங்கிடப்படுகின்றது. பெரும்பாலான கம்பனிகளில், பயணி விரும்பினால் வரவேற்பு மேசையிற் சொல்லி இத்தொகையைக் குறைக்கவோ நீக்கவோ கூடும். ஆகவே கடைசி நாளில் அம்மேசையின் முன் ஒரு வரிசை நிற்பதுண்டு.

அவ்வரிசையைப் பற்றி, என்னிடம் தமிழ் கற்றுப் பின்னர் கப்பலில் அறை பேணுபவராகப் பணியாற்றும் மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது கூறினார். "சேர், எங்கள் குறையைச் சொல்லி நீக்கினால் திருத்திக்கொள்ளலாம். மழை பெய்தது, ஒரு துறைமுகத்துக்குக் கப்பல் போகவில்லை என்று சொல்லி நீக்குகிறார்கள். மழைக்கும் எனக்கும் என்ன தொடர்பு?" என்றார். ஏழு மாத ஒப்பந்தத்தில் ஒரு நாளும் முழு ஓய்வின்றி உழைப்பவர் அவர். கடற்றொழிலாளர் பற்றி 2006இல் நிறைவேறி 2013இல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக உடன்படிக்கை, வேலை நேரத்தின் மேல்வரம்பை ஏழு நாளில் 72 மணித்தியாலமென வகுத்துள்ளது. நிலத்திலே 45 மணித்தியாலத்தை ஒரு கிழமை வேலையாகக் கொள்ளும் நமக்கு, அவ்வரம்பே எத்துணைப் பெரியது என்பது விளங்கும்.

ஈதல் எவ்வாறு கூலியாயிற்று

விரும்பினாற் கொடுக்கும் பொருள் ஒருவனுடைய ஊதியத்தின் முதுகெலும்பாக மாறியது எவ்வாறு? ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றில் இதற்கு விடையுண்டு. அங்கே அடிமைமுறை ஒழிந்தபின், ஜோர்ஜ் புல்மன் என்பார் தமது படுக்கைப் புகைவண்டிகளிற் பணிசெய்ய விடுதலைபெற்ற கறுப்பினத்தவரை அமர்த்தினார். சம்பளம் சிறிது, மிகுதியைப் பயணிகளின் கைக்காசால் ஈட்டிக்கொள்ள வேண்டும். பயணிகள் அவர்களைப் பெயர் கேட்டு அழைத்தாரல்லர். முதலாளியின் பெயரால் யாவரையும் 'ஜோர்ஜ்' என்றே கூவினர். காசுக்காகச் சிரித்து நிற்கும் அந்நிலையை அவர்களுடைய தன்மானம் பொறுக்கவில்லை. 1925இல் ஏ. பிலிப் ரண்டொல்ப் தலைமையிற் சங்கம் அமைத்தனர்; பன்னிரண்டு ஆண்டுகள் போராடி 1937இற் கம்பனியோடு உடன்படிக்கை செய்து ஊதியத்தை உயர்த்திக்கொண்டனர்.

சட்டத்தாற் சந்தோஷக் காசைத் தடைசெய்ய முயன்றவர்களும் உளர். 1909இல் வாஷிங்டன் மாநிலம் அவ்வாறு ஒரு சட்டம் இயற்றிற்று; 1913இல் அதனை நீக்கிற்று. கொடுக்கும் கையைச் சட்டத்தாற் கட்டுதல் இயலாது போலும். அதே நாட்டிற் சந்தோஷக் காசு பெறும் ஊழியருக்கு முதலாளி கொடுக்கவேண்டிய மிகக்குறைந்த கூலியை மத்திய சட்டம் மணிக்கு 2 டொலர் 13 சதமென 1991இல் வகுத்தது. பல மாநிலங்கள் அதற்கு மேல் உயர்த்தியபோதிலும் அச்சட்டத்தின் தொகை மாறவில்லை. விருந்தினனுடைய ஈகை முதலாளியின் கடமையைக் குறைக்கக் காரணமாயிற்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதற்கு எதிர்நிலையில் உள்ளது யப்பான். அங்கே மேசைமேற் காசு வைத்துவிட்டு எழுந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடிவந்து திருப்பித் தருவாரும் உண்டு. பிரித்தானியாவோ நடுவழி ஒன்றைத் தேர்ந்தது. விருந்தினர் தரும் சந்தோஷக் காசு முழுவதையும் முதலாளி கழிவு எதுவுமின்றி ஊழியருக்கே நேர்மையாகப் பங்கிடல் வேண்டுமென 2023இல் இயற்றிய சட்டம், 2024 ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது.

தோட்டத்து அனுபவம்

இக்கதை எமக்குப் புதியதன்று. உரிமையாகப் பெறவேண்டியது ஒருவருடைய தயவாக உருமாறும் விந்தையைத் தோட்டத் தொழிலாளர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கண்டவர்கள். வேலைக்கு வந்த ஆட்களின் தலைகளை எண்ணிக் கங்காணிக்குத் 'தலைக்காசு' கொடுக்கப்பட்டது. உழைத்தவன் ஒருவன்; அவன் தலைக்குக் காசு பெற்றவன் மற்றொருவன். தொழிலாளி கங்காணிக்குப் பட்ட கடனை எழுதிய 'துண்டு' என்னுஞ் சீட்டு அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிற்று. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபின்னரே, 'இவ்வளவு எனக்குரியது' என்று சொல்லும் வாய் தொழிலாளிக்கு உண்டாயிற்று.

அண்மைக்காலக் கணக்கொன்றையும் நோக்குவோம். 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தின்படி ஒரு நாளைய மொத்த வருமானம் 730 ரூபா எனப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா மாத்திரமே. வரவுக்காக 60, உற்பத்தித் திறனுக்காக 140, விலைப்பங்காக 30 ரூபா என ஏனையவை பிரித்து வைக்கப்பட்டன. வேலைநாட்கள் குறைந்தால் வரவுப் பணம் இல்லை. கொழுந்தின் நிறை குறைந்தால் உற்பத்திப் பணம் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி தரும் 8 வீதமும் முதலாளி தரும் 12 வீதமும் அடிப்படைச் சம்பளத்திலேயே கணிக்கப்பட்டன. 2024இல் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டபோது தொழிலாளர் அவ் 'அடிப்படை' என்னுஞ் சொல்லின்மேலேயே கண்வைத்திருந்தமைக்குக் காரணம் இதுவே. ஓய்வுபெறும் நாளிற் கைக்கு வருவது அடிப்படையின் நிழலேயன்றி மேலதிகங்களின் நிழலன்று.

கப்பலிற் பணிசெய்யும் எம் பிள்ளையின் நிலையும் இதனையே ஒத்தது. அவன் கையில் வாங்கும் சந்தோஷக் காசுக்குச் சேமலாபம் இல்லை. நோயுற்ற மாதத்தில் அது வாராது. முதுமையில் அது பேசாது. ஆகவே, கூலி 'தா' என்று கேட்கவேண்டிய பொருள். ஒத்தோன் ஒத்தோனிடம் உடன்படிக்கையாற் கேட்பது. கூலியை 'ஈ' என்று கேட்கும் நிலைக்கு ஒருவனைத் தள்ளுதல் அறமன்று. அவ்வாறு தள்ளாத இடத்திலேதான் ஈகை மெய்யான சந்தோஷமாகும்.

முகம் நோக்கிக் கொடுத்தல்

பரிசில் என்பது பழந்தமிழரிடம் பெருமைக்குரிய சொல். பாணரும் புலவரும் பரிசில் பெற்று வாழ்ந்தனர். அதனால் அவர் இரவலராயினும் இழிந்தாரல்லர். புறநானூற்றிற் பெருஞ்சித்திரனார் வரலாறு ஒன்று இதனை விளக்கும். அவர் மலைபல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். அரசன் நேரிற் காணாமலே, இதனைக் கொண்டு செல்க எனப் பொருள் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. காணாது ஈந்த பொருளைக் கொண்டு செல்வதற்குத் தாம் வணிகரல்லர் என்றும், தகுதியறிந்து நல்குவதாயின் தினையளவேயாயினும் இனிதாகும் என்றும் கருத்துப்படப் பாடினார்.

இதனை ஊன்றி நோக்கின், கப்பற் கணக்கில் எழுதப்படும் சேவைப் பணம் எத்தகையது என்பது தெளிவாகும். அது முகங்காணாது கொடுப்பது. ஆதலின் அது பரிசிலன்று. கூலியின் ஒரு பகுதி. கூலியாகவே அதனை மதித்து மறுப்பின்றிக் கொடுத்துவிடல் வேண்டும். அதற்குமேல் ஒருவன் தன் மகிழ்ச்சியைக் காட்ட விரும்பின், அதனை முகம் நோக்கிக் கொடுத்தலே முறை. இவ்விரண்டையும் மயக்குவதனாலேயே பயணி தன்னை வள்ளலெனக் கருதுகின்றான். ஊழியன் தன்னை இரவலனென நாணுகின்றான்.

கொடுப்போர் ஒழுக்கம்

பயணஞ் செய்யுமுன் சீட்டில் எழுதப்பட்டிருப்பதைப் படித்து, சேவைப் பணம் விலையில் அடங்குமா, வேறா என்பதை அறிந்துகொள்ளுக. வேறெனின், அதனைப் பயணச் செலவின் பகுதியாகவே எண்ணிப் பணம் ஒதுக்குக. அதற்கு வசதியில்லையெனின் சிறிய பயணத்தைத் தேர்தல் நன்று. வேலை செய்தவனுடைய பங்கிற் சிக்கனம் பிடித்தல் நன்றன்று.

குறையிருப்பின் குறை நேர்ந்த அன்றே உரிய மேசையிற் கூறுக. கடைசி நாள்வரை சிரித்திருந்துவிட்டுப் பணத்தை நீக்குதல் கோழைமையாகும். ஒருவன் செய்த தவற்றுக்காகப் பொதுப்பங்கை நீக்கினால், கண்ணிற் காணாத சலவைத் தொழிலாளியும் தண்டிக்கப்படுவான்.

மேலதிகமாகக் கொடுக்க விரும்பினால் உறையிலிட்டு, பிறர் காணாதவாறு, வலக்கையாற் கொடுக்க. நோட்டை விரலிடையில் ஆட்டிக்காட்டுவதும், படுக்கையில் எறிந்துவிட்டுப் போவதும் நாகரிகமல்ல. ஊழியரின் சட்டையிற் பெயர் எழுதப்பட்டிருக்கும், அப்பெயரால் அழைக்க. ஐம்பது வயதினனையும் 'பையா' என்றழைத்த துரைமார் காலத்தை நாமே மீட்டுவருதல் தகாது. பயண முடிவில் கம்பனி அனுப்பும் கருத்துத்தாளில் நற்பணி செய்தார் பெயரைக் குறித்தெழுதுக. அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அவ்வொரு வரி உதவும்; அதற்குச் செலவில்லை.

கப்பல் அதிகாரிகளுக்கும் வைத்தியருக்கும் காசு நீட்டுதல் வழக்கமன்று. கரையில் வழிகாட்டுவோரும் பேருந்துச் சாரதியும் கப்பலின் சேவைப் பணத்தில் அடங்காராதலின், அவரைத் தனியே கருதல் வேண்டும். இலங்கை விடுதிகளிற் பற்றுச்சீட்டில் 10 வீதச் சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருப்பின், அதற்குமேற் கொடுத்தல் விருப்பமேயன்றிக் கடமையன்று.

கொள்வோர் ஒழுக்கம்

கொள்வோருக்கும் இலக்கணம் உண்டு. கொடாதவனுக்கும் கொடுத்தவனுக்கும் பணி ஒன்றாகவே இருத்தல் வேண்டும். சிறிய தொகைக்கு முகஞ்சுளிப்பதும் பெரிய தொகைக்கு வளைவதும் ஒரே குற்றத்தின் இரு பக்கங்கள். பொதுப்பங்குக்கு உரியதை ஒளித்துவைத்தல் தோழனுடைய சோற்றைத் திருடுதலாகும். வருவது நிச்சயமற்ற பணமாகையால் அதனை நம்பிக் கடன் வாங்கற்க. வீட்டார்க்கும் இவ்வுண்மையை எடுத்துரைக்க. ஒப்பந்தத்தைக் கையொப்பமிடுமுன், உறுதியான சம்பளம் எவ்வளவு, சேவைப் பணம் எவ்வளவு என்பதைப் பிரித்துக் கேட்டறிக. முகவர் சொல்லும் மொத்தத் தொகையை மாத்திரம் கேட்டு மயங்கிய பிள்ளைகள் பலர்.

புகைப்படமும் பிள்ளைகளும்

இறுதியாக ஒன்றைக் கூறல் வேண்டும். தேயிலை மலையோரத்திற் பேருந்து நிற்கின்றது. இறங்கியவர் கொழுந்து கொய்யும் பெண்ணை நோக்கிக் கருவியை நீட்டுகின்றார். அவள் சிரிக்கின்றாள், நூறு ரூபா கைமாறுகின்றது. இதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பார் உளர். கேளாமல் எடுத்த படத்துக்குப் பின் வீசும் காசு அவளுடைய உழைப்பைக் காட்சிப்பொருளாக்குகின்றது. உத்தரவு கேட்டு, பெயர் கேட்டு, ஓரிரு சொற் பேசி எடுத்தபின் கொடுப்பதாயின் அது பரிசிலாகும். அவள் மறுத்தால் மதித்து நீங்குதலும் அவ்வொழுக்கத்தின் பகுதியே.

பெரிதும் வருந்தத்தக்கது, பேருந்தின் பின்னே பேனாவும் மிட்டாயும் காசும் கேட்டு ஓடும் சிறாரின் காட்சி. அவர்கள் முதன்முதற் பேசக் கற்கும் ஆங்கிலம் கையேந்தும் ஆங்கிலமாய் விடுகின்றது. பள்ளிநாளிற் பாதையோரம் நின்றாற் பத்து ரூபா கிடைக்கும் என்பதை அறிந்த பிள்ளையை வகுப்பறைக்குள் இருத்துதல் எளிதன்று. பயணிகள் உதவ விரும்பினால் அதனைப் பாடசாலை அதிபரிடம் பொருளாகக் கொடுக்கட்டும். பிள்ளையின் கையில் வேண்டா. ஆசிரியர்களாகிய நாமும் இதனைப் பெற்றோரிடம் எடுத்துக் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

எச்சவியலின் அம்மூன்று சூத்திரங்களைக் கற்பிக்கும் நாளிற் பழைய உரைகளின் எடுத்துக்காட்டோடு நின்றுவிடாமல், பரிமாறுவோனையும் பயணியையும் கூலிச்சீட்டையும் எடுத்துக்காட்டாகக் கூறுவோமாயின் மாணவர் அவற்றை மறவார். நாளைக்குக் கப்பலேறும் பிள்ளை ஒருவன் அவ்வகுப்பில் இருத்தல் கூடும். தனக்குரிய சம்பளத்தைத் 'தா' என்று நிமிர்ந்து கேட்கவும், அதற்குமேல் ஒருவர் மகிழ்ந்து தருவதை நாணமின்றி ஏற்கவும் அவன் அறிந்து செல்வானாயின், இலக்கணம் கற்றதன் பயன் அவனுக்குக் கிட்டியதாகும்.